காயம்பட்டதை விட்டுவிட்டு வராதவர்

இன்னும் இரண்டு பேர் பேசி முடித்ததும் மீனலோசனியைப் பேசக் கூப்பிடுவார்கள். "ரெண்டே வார்த்த போதும் மதினி. அண்ணனப் பத்தி நல்லதா நாலு சொல்லிட்டு, கல்வெட்டத் தொறந்து வச்சிட்டா வேல முடிஞ்சது" என்று காரில் வரும்போதே கொழுந்தன் பூபதி சொல்லிவிட்டார். ரெண்டு வார்த்தைக்குள் நாலு நல்லதை எப்படி அடைப்பது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பூபதி எதற்கும் சிரிப்பார், சாவு வீட்டில்கூடச் சிரித்த முகமாகத்தான் நிற்பார், அது அவர் முகவாகு. மேடையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை. சாய்ந்தால் முதுகு வழுக்குகிறது, நிமிர்ந்தால் முழங்கால் விண்ணென்கிறது. பட்டுக்கு மேலே ஸ்வெட்டர் போடாதீங்க பெரியத்தை, போட்டோவுல நல்லாருக்காது என்று பூபதியின் மருமகள் சொன்னதைக் கேட்டது தப்பு. எழுபத்தைந்து தாண்டியவளுக்கு என்ன போட்டோ வேண்டிக்கிடக்கிறது. மலைக்காற்று ஷாமியானாவைத் தூக்கித் தூக்கி அடித்தது. எதிரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அட்டையில் செய்த புலி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சுண்டல் எப்போது வரும் என்று பார்த்திருந்தார்கள். பக்கத்தில் புதுக் கட்டடம், சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை, நெற்றியில் பெரிய எழுத்தில் 'சங்கரலிங்கம் நினைவு வன விளக்க மையம்'. அவள் புருஷன் பேர். அவர் இருந்த காலத்தில் அந்தப் பேரை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, செத்த பிறகும் சொன்னதில்லை, இன்றைக்கு மைக்கில் சொல்ல வேண்டி வருமோ என்னவோ. அவள் சொல்ல வந்தது அந்தப் பேரை இல்லை. அது வேறு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நாக்குக்கு அடியில் கிடக்கிறது, இன்றைக்குத் துப்பிவிடுவது என்றுதான் காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினாள். எனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஒரு காலைப்பொழுது உயிரோடு இருந்தது. அவ்வளவுதான். பூபதி சொன்ன மாதிரி ரெண்டே வார்த்தை.

மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல். கண்ணாடிதான் அடிக்கொருதரம் மூக்கில் இறங்கியது. வேட்டைக்காரர்கள்தாம் காட்டின் முதல் காவலர்கள் என்றார். சர்க்கார் சட்டம் போடுவதற்கு முன்பே அவர்கள் தங்களுக்குள் சட்டம் வைத்திருந்தார்கள் என்றார். குட்டி போடும் மாதங்களில் துப்பாக்கியைத் தொடக் கூடாது, தண்ணீர் குடிக்க இறங்கிய மிருகத்தைச் சுடக் கூடாது, சினையைக் குறிபார்க்கவே கூடாது, காயம்பட்டதை விட்டுவிட்டு வீடு திரும்பக் கூடாது. "சினை மானைக் குறிபார்த்த நண்பரின் துப்பாக்கியைச் சங்கரலிங்கம் ஐயா கையால் தட்டிவிட்டார் என்பது இந்த மலையே அறிந்த கதை" என்றார். கைதட்டினார்கள். மலையே அறிந்ததுதான். மலைக்கு முன்னால் அவள் அறிந்தாள். அந்த நண்பர் அன்று மத்தியானம் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, உன் புருஷன் ஒரு மானுக்காக என்னைப் பாறையில் உருட்டிவிடப் பார்த்தானம்மா என்று குறைப்பட்டுக்கொண்டுதான் போனார். அப்போது அவளுக்கு ஆறாம் மாசம். வந்தவர்கள் ஒரு பந்திக்கு இருந்தார்கள், அத்தனை பேருக்கும் காட்டுப்பன்றிக் கறி, மிளகு தூக்கலாக, விறகடுப்பில். குனிந்து பரிமாறி நிமிர்வதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சினை மானுக்காக நீண்ட கை ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துவைக்க நீளவில்லை. இந்தா, ரசம் கொண்டா என்றது. அவர் அவளைக் கூப்பிட்டது கடைசிவரை 'இந்தா'தான், ஏதோ கொடுக்கப்போகிறவர் மாதிரி. இதையெல்லாம் மைக்கில் சொல்ல முடியாது. சொன்னால் சில்லறைத்தனமாக இருக்கும். பெரிய மனிதர்களைப் பற்றிய குறைகள் எல்லாமே சொல்லும்போது சில்லறையாகத்தான் தெரிகின்றன, அவர்கள் அந்த மாதிரி பார்த்துச் செய்துவிடுகிறார்கள். ரசத்தையும் சொம்பையும் வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கே போய் நியாயம் கேட்பாள். வீட்டுச் சுவரில் இருந்த தலைகளை எல்லாம் லாரியில் ஏற்றி இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடமான், கரடி, கொம்பு விரிந்த காட்டுமாடு ரெண்டு. கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து அவற்றைத் துடைத்தவள் அவள். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைத் தேய்த்த கையோடு முக்காலி போட்டு ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் மூக்கைத் துடைத்து, காதுக்குள் அந்துருண்டை வைத்து. மாமியாருக்குச் செய்த பணிவிடை அதில் பாதிகூட இருக்காது. லாரி போன அன்று சுவரில் வட்ட வட்டமாக வெளுத்திருந்த இடங்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது.

காற்று திரும்பியது. மேடையின் ஓரத்தில் அவர் படம் இருந்தது, காக்கித் தொப்பியும் மீசையுமாக, அதற்கு முழங்கை கனத்துக்கு மல்லிகை மாலை. நிலக்கோட்டைப் பூ, விடிகாலையில் பறித்தது, அதன் வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்கு மார்பு கல்லாக இறுகியது. இந்த வயதிலும் இறுகுகிறது. வீட்டில் மல்லிகை ஏன் வைப்பதில்லை என்று புதிதாக வந்த வேலைக்காரிகள் கேட்பார்கள், தலைவலி என்பாள். தலைவலி இல்லை. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவைத்தான் மார்பில் வைத்துக் கட்டுவார்கள். மலையில் மல்லிகை ஏது, கீழேயிருந்து முத்திருளன்தான் ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவந்தான். முத்திருளன் அவர்களுடைய காப்பி எஸ்டேட்டில் காவலாள். வெள்ளத்தாய் சமையலுக்கும் காப்பிப்பழம் பறிக்கவும் இருந்தவள். நாலு பேருக்குப் பேறுகாலம் பார்த்த கை. அவள்தான் பூவை வைத்துக் கட்டிவிட்டு, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கங்கம்மா என்றாள். எதற்குத் திருப்பச் சொன்னாள் என்று அப்போது தெரியவில்லை. அவள் அழுதிருக்கிறாள். வெள்ளத்தாய் போய்விட்டாள், முத்திருளனும் போய்விட்டான். தெரிந்தவர்கள் எல்லாம் போன பிறகு அது நடந்ததா என்பதற்கே அவள் ஒருத்திதான் சாட்சி. அவளும் போய்விட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இரவில் விழிப்புத் தட்டும்போது பயப்படுவது சாவுக்காக இல்லை, இதற்காகத்தான்.

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். மைக்கைத் தட்டிக்கொண்டு பூபதி எழுந்து நின்றார். எந்தக் கதையைச் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். வேட்டையைத் தடுக்கிற சட்டம் வருவதற்கு முந்தின வருஷம். சோலைக்காட்டு ஓரத்தில் அண்ணன் ஒரு காட்டுமாட்டைச் சுட்டார், ஒத்தை மாடு, கிழட்டுக் காளை. குண்டு கொஞ்சம் தாழ்ந்து பட்டுவிட்டது. மாடு ரத்தம் சிந்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது. "வேற ஒருத்தரா இருந்தா, போனாப் போகுதுன்னு வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் படுத்திருப்பாங்க. எங்க அண்ணன் வரல. ரத்தத்தப் பாத்துக்கிட்டே பின்னால போனாரு. சோறு தண்ணி கெடையாது. மழ வேற. வீட்டுலருந்து ஆளு வந்து கூப்புட்டும்கூட வரல! காயம்பட்டத விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு!" வீட்டிலிருந்து ஆள். எதற்கு ஆள் போனது என்று பூபதிக்குத் தெரியாது. அப்போது மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். மதினிக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குக் கடிதாசியில் வந்திருக்கும். மாசம் முழுசாகாமல் நேர்ந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். சொல்லாமலே போய்விட்டது. சொல்லாமல் விட்டதெல்லாம் இல்லாமல் போய்விடும் என்று யாருக்குத் தெரிந்தது. ஆள் போனது வலிக்காக. எட்டாம் மாசத்தில் சாயங்காலம் பிடித்த வலி விடவில்லை. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஜீப் வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் காட்டில் இருந்தார். முத்திருளன் மழையில் ஓடிப்போய், எப்படியோ தேடிப் பிடித்து, திரும்பி வந்து சமையல்கட்டு வாசலில் நின்று தலையைத் துவட்டாமலே சொன்னான். "ஐயா வரலம்மா. மாடு பொதருக்குள்ள படுத்திருக்கு, இப்ப விட்டுட்டு வரக்கூடாதுன்னாரு. வெள்ளத்தாய வச்சுப் பாத்துக்கச் சொன்னாரு." வெள்ளத்தாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன்தான் சுட்டுவிட்டு வந்தவன் மாதிரி. அவன் என்ன செய்வான் பாவம்.

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. முகமூடிப் பிள்ளைகள்கூடச் சுண்டலை மறந்தார்கள். பூபதிக்குக் கதை சொல்ல வரும், அதில் குறை சொல்ல முடியாது. மாடு எப்படித் திரும்பி வந்து தன் தடத்துக்குப் பக்கத்திலேயே பதுங்கி நின்றது, அண்ணன் எப்படிக் காற்று எந்தப் பக்கம் என்று சாம்பலை உதிர்த்துப் பார்த்தார், எல்லாம் கூட இருந்து பார்த்த மாதிரி. அங்கே அவர் சாம்பலை உதிர்த்துக்கொண்டிருந்த காலையில் இங்கே அது பிறந்தது. கையகலம் முகம். பிறப்பதற்கு முன்னால் துணி தைத்து வைக்கக் கூடாது என்பதால் ஒரு சட்டைகூட வீட்டில் இல்லை. வெள்ளத்தாய் அவருடைய பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துச் சுற்றினாள். அழுதது. இல்லை என்று யார் சொன்னாலும் அவள் ஒப்பமாட்டாள், அழுதது, மெல்லிசாக, கதவுக் கீல் முனகுகிற அளவுக்கு, ஆனால் அழுதது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய் அனலில் காட்டினார்கள். பஞ்சில் நனைத்துச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். வெயில் வந்தால் பிழைத்துக்கொள்ளும்மா என்று வெள்ளத்தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் வரவில்லை. கறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உச்சிக்கு ஏறிய பொழுதில் வயிறு ஏறி இறங்குவது நின்றுபோனது, ஆனாலும் கொஞ்ச நேரம் அவள் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பால் இறங்கியது. கேட்பார் இல்லாத போதுதான் எல்லாம் இறங்கும்.

"அந்த மாட்டோட கண்ணுல தண்ணி நின்னுச்சு" என்று பூபதி குரலைத் தழைத்தார். "முடிச்சு வைக்கறதுக்கு முன்னாடி அது எங்க அண்ணனப் பாத்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவரு, துப்பாக்கிய வச்சவருதான். சாகற வரைக்கும் தொடல." எழுந்து நின்றே கைதட்டினார்கள். அவளும் தட்டியிருக்க வேண்டும், கை மடியிலிருந்து எழவில்லை. வந்தவர். ஆமாம், வந்தார். பிள்ளை போன அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சேறும் அட்டைக்கடியுமாக வந்து, பின்கட்டில் நின்று, இந்தா வெந்நி போடு என்று குரல் கொடுத்தார். வெள்ளத்தாய்தான் போய்ச் சொன்னாள். என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மாடு முடிஞ்சிருச்சு" என்றார். அவள் கேட்ட மாதிரி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் கண்விழித்துக் கிடந்த மாதிரி. அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழாயைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதுவரைக்கும் பூபதி சொன்னது சரி. மறுபடி தொடவில்லை. சட்டம் வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். ஏன் வைத்தார்? மாட்டுக்காகவா? மாட்டுக்காக என்று ஊரே சொல்கிறது, பத்திரிகையில் எழுதினார்கள், அவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் அவள் காதுபடச் சொன்னதில்லை. கேட்கிறவர்களிடம் மீசையைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் எதுக்கு இப்ப என்பார். அதெல்லாம் என்றால் எதெல்லாம். அதில் அதுவும் உண்டா. அவளே கேட்டிருக்கலாம். எத்தனை ஆயிரம் வேளை சோறு போட்டிருக்கிறாள், ஒரு வேளை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. அதுதான் பயம். மாட்டுக்காகத்தான், வேறெதுக்கு என்று கண்ணைச் சிமிட்டாமல் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவர் கூட எப்படி இருப்பது. கேட்காத வரைக்கும் பாதி அவளுடையது.

அந்த மாட்டை அவர் உரிக்கவில்லை, தலையையும் எடுக்கவில்லை. ஆள் வைத்துக் குழி வெட்டிப் புதைத்து மேலே கல் அடுக்கினார். இன்றைக்கு அந்த இடத்துக்கு மாட்டுமேடு என்று பேர், நடந்து போகிறவர்களுக்கு வழிகாட்ட அம்புக்குறி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளத்தாயும் முத்திருளனும் பின்பக்கத்து நாரத்தை மரத்தடியில் வைத்தார்கள், கல்கூட வைக்கவில்லை, நாய் தோண்டாமலிருக்க முள்ளை வெட்டிப் போட்டார்கள். ஆனால் ஒன்று. பல வருஷம் கழித்துத் தண்ணீர்க் குழாய் பதிக்க ஆட்கள் அந்த மரத்தடியில் கடப்பாரையைப் போட்டபோது, வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடினார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை, யானை விரட்டியபோதுகூட நடந்துதான் வந்தார் என்பார்கள். "அங்க வெட்டாதீங்கடா! வேற பக்கம் கொண்டுபோங்க!" என்று கத்தினார். வேர் அறுந்துவிடும் என்று கத்தினாரா. நாரத்தைக்கு அவ்வளவு தவிப்பா. அவருக்குத் தெரியுமா, வெள்ளத்தாய் சொன்னாளா, எப்போது சொன்னாள். வெள்ளத்தாயிடமும் கேட்கவில்லை. அந்த ஓட்டத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். மற்ற பெண்கள் நகையை எடுத்துப் பார்ப்பதுபோல அவள் அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பாள்.

எரிச்சல் என்னவென்றால் அவர் செய்தது சரி. அங்கேதான் அவளுக்குச் சிக்கிக்கொள்கிறது, எத்தனை தரம் போனாலும் அந்த இடத்தில் கால் மாட்டிக்கொள்கிறது. காயம்பட்ட காட்டுமாடு தடத்தோரம் படுத்துக் கிடந்தால் காலையில் விறகுக்குப் போகும் பெண்களில் ஒருத்தியாவது குடல் சரிந்து கிடப்பாள். வெள்ளத்தாயின் தங்கையே அந்தத் தடத்தில்தான் போய்வந்தாள். விட்டுவிட்டு வந்திருந்தால் அவர் செய்தது பாவம். குடிகாரனாக இருந்து, சீட்டாடப் போய், வேறொருத்தி வீட்டில் கிடந்து வராமல் போயிருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். ஊரும் கூடச் சேர்ந்து வெறுத்திருக்கும். சரியாக நடந்துகொண்டவரை வெறுப்பதற்கு யாரும் துணைக்கு வருவதில்லை. அதற்குப் பிறகும் அவர் சும்மா இருந்தாரா. கௌரவ வனக் காப்பாளர் என்று போட்டார்கள். எந்த ஓடையில் சுருக்குக் கம்பி கட்டுவார்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் நாட்டுவெடி வைப்பார்கள் என்று தேடவே வேண்டியதில்லை, தானாக இருந்தால் எங்கே கட்டியிருப்பாரோ அங்கே போய் நிற்பார், அது இருக்கும். திருட்டு வேட்டைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் சுடப் பழகியவர்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அழுதார்கள். எஸ்டேட்டில் ஒரு சரிவையே யானைத் தடத்துக்கு விட்டுவிட்டார். இன்றைக்குக் காலையில் வரும்போதுகூட வளைவில் காட்டுமாடுகள் நின்றன, கன்றும் தாயுமாக, கார் நின்று காத்திருந்துதான் வந்தது. வேட்டைக்காரர் இல்லாவிட்டால் இந்த மலையில் கொம்பு முளைத்த ஒரு ஜீவன் மிஞ்சியிருக்காது என்று பேராசிரியர் சொன்னது பொய்யில்லை. அத்தனை கன்றுகளும் அவர் விட்டுவைத்தவை. அந்தக் கன்று காரைப் பார்த்து மிரளாமல் நின்றதைப் பார்த்து, நீ நல்லா இரு என்று சொல்ல வாய் வந்தது, வயிறு சொல்லவிடவில்லை. காட்டைக் காப்பாற்றினார், யார் மறுத்தது. எந்தக் காட்டைக் காப்பாற்றி என்ன, அந்த ஒரு ராத்திரி ஜீப்பை ஓட்ட ஓர் ஆள் இல்லை.

மைக் ஊளையிட்டது. தொகுத்துப் பேச வந்த தமிழாசிரியர் அதைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, இவளைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். பாவம், நல்ல மாதிரி, வந்தவுடன் காலைத் தொட வந்தவர். "ஐயாவுக்குக் குழந்தைகள் இல்லை" என்று ஆரம்பித்தார். "இல்லை என்று யார் சொன்னது? இந்தக் காட்டில் துள்ளும் ஒவ்வொரு மான்குட்டியும் அவர் குழந்தை அல்லவா! பிள்ளைச் செல்வம் இல்லாத குறையை வனம் தீர்த்துவைத்தது. அந்த மாமனிதரின் துணைவியார் இப்போது சில வார்த்தைகள் பேசுவார்கள்." பிள்ளையில்லாதவள். சீமந்தத்தில் பின்வரிசைக்குத் தள்ளி, தொட்டில் போடும்போது கூப்பிடாமல் விட்டு, பூபதியின் மகனைத் தூக்கியபோது மாமியார் மெல்ல வந்து வாங்கிக்கொண்டு போய், ஒரு ஆயுசு முழுக்க மென்று முழுங்கியது தொண்டைக்கு வந்தது. எழுந்தாள். முழங்கால் சொன்னபடி கேட்டது, அதுவே ஆச்சரியம். பூபதி கையைப் பிடித்து மைக் முன்னால் கொண்டுவந்து விட்டார். எதிரே அத்தனை முகங்கள், நெற்றியில் புலிகள். சொல்லாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அந்த ஒரு கணத்தில் மல்லிகை மறுபடியும் அடித்தது.

"இவங்க சொன்னாங்க, பிள்ள இல்லன்னு" என்றாள். தன் குரல் எங்கோ ஷாமியானாவின் கோடியிலிருந்து திரும்பி வந்தது. "இருந்துச்சு. பூபதி தம்பி சொன்னாங்கள்ல, வீட்டுலருந்து ஆளு போச்சுன்னு. அது எனக்கு வலி வந்து போன ஆளு. அவரு மாட்டுக்குப் பின்னாடி இருந்தாரு. மறுநாக் காலைல பிள்ள பொறந்துச்சு. பொம்பளப்பிள்ள. உச்சிப் பொழுது வரைக்கும் உசுரோட இருந்துச்சு. அழுதுச்சு. நான் கேட்டேன்." இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்திருந்தாள். வாய் நிற்கவில்லை. "அவரு துப்பாக்கிய வச்சது அந்த மாட்டுக்காக இல்ல. எம் பிள்ளைக்காக." சொல்லியாகிவிட்டது. உண்மையா என்று அவளுக்கே தெரியாது. மறுத்துச் சொல்ல அவர் இல்லை, அவ்வளவுதான். கால் மேலே படுத்திருந்த கனத்தை யாரோ தூக்கின மாதிரி இருந்தது, மூச்சு அடிவரைக்கும் போய்வந்தது. இப்போது எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள், காக்கித் துணிக்குள் இருக்கிற முகத்தை, இப்போதுதான் அது பிறந்திருக்கிறது என்று.

தமிழாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கித்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மைக்கை வாங்கினார். "கேட்டீர்களா! பெற்ற பிள்ளை வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. காட்டில் ஒரு வாயில்லா ஜீவன் துடித்துக்கொண்டிருக்கிறது. எதை விட்டார், எதைத் தேர்ந்தார்! தன் குழந்தையையே இந்த வனத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்த தம்பதியர் ஐயா இவர்கள்! இந்தத் தியாகத்துக்கு நம் கரவொலி மலை உச்சி வரை கேட்கட்டும்!" கேட்டிருக்கும். அப்படித் தட்டினார்கள். பூபதி கதைக்குத் தட்டியதைவிட அதிகம். முகமூடிப் பிள்ளைகள் பெஞ்சு மேலே ஏறித் தட்டினார்கள். மாவட்ட வன அலுவலர் எழுந்து வந்து அவளுக்குச் சால்வை போர்த்தினார். காணிக்கையா? யார் கொடுத்தது? நான் எங்கே கொடுத்தேன்? எடுத்துக்கொண்டு போனார்களே என்று கத்த வேண்டும் போல இருந்தது, மைக் அவள் கையில் இல்லை. மாட்டுமேடு, யானைத் தடம், மான்குட்டி என்று அவள் புருஷன் சேர்த்துவைத்த வரிசையின் கடைசியில் அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வைத்தது அவள் கையாலேயே. இத்தனை வருஷம் அது இல்லாமல் இருந்தது, ஆனால் அவளுடையதாக இருந்தது. கல்வெட்டின் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், இழுத்தாள். பச்சைத் துணி விழுந்தது. காயம்பட்ட காட்டுமாட்டின் கண்ணீரால் மனம் மாறி என்று பொன்னெழுத்தில் ஆரம்பித்தது, அதற்கு மேல் படிக்கக் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

படியிறங்கும்போது பூபதி அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாமல் அந்த முகம் இவ்வளவு அண்ணன் சாயலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது மதினி" என்றார். "சத்தியமாத் தெரியாது. இவ்வளவு நாளா நான் மேடைக்கு மேட அந்தக் கதையச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." அவருக்கும் வயதாகிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தார்கள். டீயும் சுண்டலும் கொடுக்கிற இடத்தில் பிள்ளைகள் முண்டிக்கொண்டு நின்றார்கள். "ஆபீசர்கிட்ட இப்பவே பேசிட்டேன்" என்றார் பூபதி. "பக்கத்துல இன்னொரு கல்லு வைக்கலாம்னு சொல்லிட்டாரு. பிள்ளைக்குன்னே தனியா. பூங்கா மாதிரி வச்சு, அதும் பேரப் போட்டுருவோம்." நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "பேரு ஏதும் வச்சிருந்தீங்களா மதினி?"

வைத்திருந்தாள். வயிறு ஏறி இறங்குவது சிறுத்துக்கொண்டே வந்தபோது, பேரில்லாமல் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது. குனிந்து அதன் காதில் மூன்று தரம் சொன்னாள். பக்கத்தில் இருந்த வெள்ளத்தாய்க்குக்கூடக் கேட்கவில்லை. மூன்றாந்தரம் சொன்னபோது அது கண்ணைத் திறந்து பார்த்தது.

"இல்ல தம்பி" என்றாள். "வைக்கல."